மணி அடித்தால் யார் எழுவது?

எந்தப் பதவிக்கு எந்த வேலை என்று பார்க்கிற இந்தப் பணியமைப்புப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். என்னைக் கூப்பிட்டு, "ஐயா, உங்க அனுபவத்துல இருந்து நாலு வார்த்தை சொல்லுங்க" என்றீர்கள். நாலு வார்த்தையில் சொல்லத் தெரிந்தவனாக இருந்தால் நான் ஏன் கண்காணிப்பாளராகவே ஓய்வு பெற்றிருக்கப் போகிறேன்? ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். கேட்டு முடித்ததும் உங்களுக்குத் தெளிவு பிறக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். எனக்கே இன்னும் பிறக்கவில்லை.

உங்கள் மேசைக்கு ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். ஒருவரை ஏதோ ஒரு வேலைக்கு எடுத்தோம். வருடங்கள் போகப் போக அந்த வேலை வளர்ந்துகொண்டே போனது. பதவியின் பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது, மூன்றாம் வகுப்பில் தைத்த சட்டையைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுக்கொண்டு வருவது மாதிரி. இவருக்குப் பதவி உயர்வு தரலாமா, கூடாதா? கேட்கச் சுலபமான கேள்விதான். பதில் சொல்லப் போய்த்தான் நான் கும்மிடிப்பூண்டியில் மாட்டிக்கொண்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். தொழிற்பேட்டையில் ஆலைகள் பெருகிக்கொண்டிருந்த நேரம். தொழிலாளர்களின் புகார், நஷ்டஈடு எல்லாவற்றையும் பார்க்க அங்கே எங்கள் தொழிலாளர் துறைக்கு ஒரு சின்ன அலுவலகம் இருந்தது. அங்கிருந்த அலுவலக உதவியாளர் மரகதம். எங்கள் துறையில் இரவுக் காவலராக இருந்த கணவர் பணியில் இருக்கும்போதே இறந்துபோக, கருணை அடிப்படையில் வேலைக்கு வந்தவர். தண்ணீர் கொடுப்பது, கோப்பு தூக்குவது, அதிகாரி மணியடித்தால் போய் நிற்பது: இவைதான் அவருடைய வேலை. ஆனால் அந்த அலுவலகமே அவரை நம்பித்தான் ஓடுகிறது, அவர் பணியிடத்தின் தரத்தை உயர்த்த வேண்டும் என்று அவருக்காக ஊழியர் சங்கம் விண்ணப்பம் கொடுத்திருந்தது. நேரில் போய் ஒரு நாள் முழுக்க அவர் என்ன செய்கிறார் என்று பார்த்து அறிக்கை கொடு என்று மேலிடம் என்னை அனுப்பியது. வருகிறேன் என்று முன்கூட்டியே தகவல் கொடுத்துவிட்டுப் போவதுதான் நம் துறை வழக்கம். கொடுத்தேன்.

காலை ரயிலில் போய் இறங்கினேன். அலுவலகத்துக்குள் நுழைந்ததும் ஒரு பெண்மணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த சீருடைச் சேலை. அதன் மடிப்புகளைப் பார்த்தாலே பெட்டியிலிருந்து அன்றைக்குத்தான் வெளியே வந்திருக்கிறது என்று தெரிந்தது.

"நீங்கதானே மரகதம்?"

"ஆமா சார். ஆரம்பாக்கத்துல ஊடு."

"பதவி உயர்வு எதுக்குக் கேக்கறீங்கம்மா? சம்பளத்துக்கா?"

"டப்பு வந்தா யாராச்சும் வேணான்னு சொல்வாங்களா சார்? ஆனா அதுக்கு இல்ல." அதிகாரியின் அறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். "அந்த பெல்லு சார். போன வாரம் புருஷனப் பறிகொடுத்தவ ஒருத்தி வந்து என் கையப் புடிச்சிக்கினு அழுவுறா. உள்ள பெல் அடிக்குது. அவ கைய உதறிட்டு எழுந்து ஓடறேன். ஓடிப் போய்ப் பாத்தா இன்னான்றீங்க? ஃபேன் போடணுமாம். என்ன மேல ஏத்தி ஒக்கார வைக்க வேணாம் சார். பெல் அடிச்சா எழுந்துக்காம ஒக்காந்துக்கினு இருக்கணும். அவ்ளோதான்."

அப்போதே உள்ளேயிருந்து மணி அடித்தது. மேசை மேல் வைத்துத் தட்டுகிற சின்னப் பித்தளை மணி. மரகதம் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார்.

சரி, விஷயம் புரிந்துவிட்டது, இனி வேலையைப் பார்த்தால் போதும் என்று ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அங்கே ஆரம்பித்தது என் குழப்பம்.

விண்ணப்பத்தில் என்ன சொல்லியிருந்தார்கள்? வருகிற தொழிலாளர்களிடம் பேசுவது, புகாரைக் கேட்டு வாங்குவது, ஆலைகளுக்கு போன் போடுவது எல்லாமே மரகதம்தான் என்று. நான் பார்த்தது என்ன? கவுன்ட்டரில் எழுத்தர் தினகரன் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். போன் பக்கத்தில் இன்னொருவர். மரகதம் அதிகாரியின் கதவோரம் நிற்கிறார். மணி அடித்தால் உள்ளே போகிறார், வெளியே வருகிறார், மறுபடி நிற்கிறார். வேறொன்றும் இல்லை. சரியாகச் சொன்னால் அலுவலக உதவியாளர் என்ற பதவிக்கு என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும், ஒரு நூல் கூடக் குறைய இல்லாமல் செய்கிறார்.

பொய் விண்ணப்பமா? அப்படியும் தோன்றவில்லை. ஏனென்றால் வருகிறவர்கள் எல்லாரும் ஒரு காரியம் செய்தார்கள். வாசலில் செருப்பை விடுவார்கள், உள்ளே எட்டிப் பார்ப்பார்கள், தினகரனைப் பார்ப்பார்கள், பிறகு மரகதத்தைப் பார்ப்பார்கள். மரகதம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர்களும் சத்தமில்லாமல் வெளியே போய்விடுவார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வேப்பமரத்தடியில் ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கிறது. உள்ளே கவுன்ட்டரில் ஈ ஓட்டுகிறார்கள். இது என்ன ஆபீஸ், என்ன ஜனம் என்று எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மதியம் பொறுக்கமாட்டாமல் வாசல் கேட்டுக்கு வெளியே இருந்த டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பழவேற்காட்டு பாய். "ஏன் பாய், இவ்வளவு பேரு மரத்தடியில ஒக்காந்திருக்காங்களே, உள்ள போகமாட்டாங்களா?" என்று யாரோ மாதிரி கேட்டேன்.

"அத்த ஏன் கேக்கறீங்க, இன்னிக்கு பெரிய பேஜாரு" என்றார் டீயை ஆற்றிக்கொண்டே. "மெட்ராஸ்ல இருந்து எவனோ ஆபீசரு வந்துக்கீறானாம். காலையில இருந்து குந்திக்கினு பாத்துக்கினே கீறானாம். அவன் போனாதான் மரகதம்மா பேசும். ரூல்படி இருக்கணும்னு எல்லாருக்கும் சொல்லிட்டாங்களாம். நாஷ்டா கூடத் துன்னாம வந்து காத்துக்கினு கீறானுங்க பாவம்."

டீ கிளாஸைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். அந்த எவனோ நான்தான்.

பிறகுதான் விளங்கியது. மேலிடத்திலிருந்து ஆள் வருகிறது என்றால் நம் அலுவலகங்களில் என்ன செய்வோம்? எல்லாவற்றையும் விதிப்படி ஆக்கிவிடுவோம். அவரவர் நாற்காலியில் அவரவர், அவரவர் சீருடையில் அவரவர். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, கை தானாகப் போய்விடுகிறது. மரகதத்தின் வேலை விதியை மீறி வளர்ந்திருக்கிறது என்று பார்க்க வந்தவனுக்கு முன்னால், விதி மீறக் கூடாது என்று அந்த வேலை முழுவதையும் மறைத்து வைத்துவிட்டார்கள். மரகதமும் சேர்ந்துதான். சேலைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டு! தனக்குக் கிடைக்க வேண்டியதற்குத் தானே குறுக்கே நிற்கிற மனுஷியை என்ன செய்வது? எனக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று. ஒருவருடைய வேலையைப் பார்க்கப் போனால் அவரைப் பார்க்காதீர்கள். வருகிறவர்கள் கண் யாரைத் தேடுகிறது என்று பாருங்கள்.

திரும்ப உள்ளே போகும்போது நாலைந்து பேர் என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். இரும்புக் கம்பி தயாரிக்கிற ரோலிங் மில்லில் வேலை பார்க்கிற ஒரிசாக்காரர்கள். தெலுங்கும் இந்தியும் கலந்து ஒரே நேரத்தில் எல்லாரும் கத்துகிறார்கள். தினகரன், பாவம், மேலிடத்து ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறானே என்று, "முறையா மனு எழுதிக் குடுங்க, மனு" என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவர்களுக்கு அது புரியவில்லை, இவருக்கு அவர்கள் பேசுவது புரியவில்லை. ஒருவன் தன் இடது கையை வலது கையால் வெட்டுகிற மாதிரி காட்டினான். பிறகு வெளியே ரோட்டைக் காட்டினான். பிறகு அழுதான்.

எல்லார் கண்ணும் மரகதத்தின் மேல்தான். மரகதத்தின் கண் என் மேல். அவர் முகத்தில் ஓடியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. என் பிழைப்பைக் கெடுக்கவா வந்திருக்கிறாய் என்று கேட்பது மாதிரியும் இருந்தது, இப்போது நான் என்ன செய்யட்டும், நீயே சொல் என்று கேட்பது மாதிரியும் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து உள்ளே மணி அடித்தது.

மரகதம் கதவைப் பார்த்தார். மணி இன்னொரு முறை அடித்தது. "இரு சார், வரேன்" என்று கதவைப் பார்த்தே சொல்லிவிட்டு, விறுவிறுவென்று கவுன்ட்டருக்கு வந்தார். அந்த ஒரிசாக்காரனின் தோளைப் பிடித்து உட்கார வைத்து, அந்தக் கலப்புப் பாஷையிலேயே என்னவோ கேட்டார். ரயிலில் அவர்களோடு தினமும் வந்து போய்ப் பிடித்துக்கொண்ட பாஷை. கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கூட வேலை செய்யறவனுக்கு மெஷின்ல கை போயிடுச்சு சார். கான்ட்ராக்டர் அவன ஆஸ்பத்திரியில இருந்து இட்டாந்து வேன்ல ஏத்திக்கினு போயிக்கினு கீறான். சென்ட்ரல்ல ரயில் ஏத்தி ஊருக்கு அனுப்பிட்டா முடிஞ்சிது. அடிபட்ட ஆளே இல்லன்னு சொல்லிடுவான். அப்புறம் நஷ்டஈடும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

பதிலுக்குக் காத்திருக்காமல் போனை இழுத்து எண்களைச் சுழற்றினார். கான்ட்ராக்டரின் கைப்பேசி எண் அவருக்கு மனப்பாடம்.

"இன்னா நைனா, எங்க கீற? சோழவரம் தாண்டலையே? தாண்டாத. அந்த ஆள இட்டுக்கினு வண்டியத் திருப்பு." எதிர்முனையில் ஏதோ சத்தம். மரகதத்தின் குரல் ஏறியது. "நான் யாரா? நான் யாருன்றது அப்புறம் இருக்கட்டும். மெட்ராஸ்ல இருந்து பெரிய ஆபீசர் வந்து காலையில இருந்து குந்திக்கினு கீறாரு. எதுக்கு வந்துக்கீறாருன்னு நெனச்ச? உன் பேரத்தான் விசாரிச்சிக்கினு கீறாரு. நம்பலையா? இரு."

ரிசீவரின் பேசும் முனையைக் கையால் பொத்திக்கொண்டு, என் முகத்துக்கு நேரே நீட்டிக் கிசுகிசுத்தார். "சார், ஒரே ஒரு தபா இருமுங்க."

நான் யார்? பணியமைப்புப் பிரிவு. கான்ட்ராக்டர் மேல் நடவடிக்கை எடுக்க எனக்கு ஒரு அதிகாரமும் இல்லை. ஒரு அலுவலக உதவியாளர் அரசாங்க போனில் பொய் சொல்கிறார், அந்தப் பொய்க்கு என்னைச் சாட்சியாக நிறுத்துகிறார். என் சர்வீஸில் அப்படி ஒரு நிலைமைக்கு எந்த விதியும் எனக்கு வழி சொல்லவில்லை. யோசிக்க நேரம் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ, தெரியாது.

இருமினேன். நல்லா, கனமா, மேலதிகாரிகள் கூட்டத்தில் இருமுகிற மாதிரி.

"கேட்டியா?" என்றார் மரகதம் போனில். "வா சீக்கிரம்."

வேன் திரும்பி வந்தது. கை முழுக்கக் கட்டுப் போட்டிருந்த அந்த ஆளை இறக்கி, பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. மணியடித்து மணியடித்து ஓய்ந்துபோன அதிகாரி தானே அறையை விட்டு வெளியே வந்து நின்றார். அவர் மனிதர் நல்லவர்தான். கண்ணால் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து வாக்குமூலம் வாங்கினார். மரகதம் பக்கத்தில் நின்று அவன் சொன்னதைத் தமிழில் சொன்னார். மரத்தடிக் கூட்டம் முழுவதும் உள்ளே வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் அந்த அலுவலகம் எப்படி ஓடுகிறது என்று நான் பார்த்தேன்.

எல்லாம் ஆன பிறகு அதிகாரி என்னை அறைக்குள் கூப்பிட்டார். வியர்த்திருந்தார்.

"சார், தயவுசெஞ்சு இதை அறிக்கையில எழுதிடாதீங்க."

"ஏன் சார்? இதைப் பார்க்கத்தானே வந்தேன்?"

"கான்ட்ராக்டருக்கு போன் பண்ண அலுவலக உதவியாளருக்கு யார் உத்தரவு கொடுத்தாங்கன்னு கேப்பாங்க. நான் கொடுத்தேன்னு சொன்னா எனக்கு மெமோ. கொடுக்கலைன்னு சொன்னா அந்தம்மாவுக்கு மெமோ."

நியாயமான பேச்சுதான். எழுதினால் மரகதம் செய்தது குற்றம். எழுதாவிட்டால் மரகதம் ஒன்றுமே செய்யவில்லை. இரண்டுக்கும் நடுவில் பதவி உயர்வை எங்கே வைப்பது? திரும்பி வரும்போது ரயில் முழுக்க இதையே உருட்டிக்கொண்டு வந்தேன். சென்னையில் என் மேலதிகாரியிடம் வாய்மொழியாகச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு உற்சாகமாக, "இவ்வளவு வேலையா? அப்போ அங்க புதுசா ஒரு எழுத்தர் பணியிடமே உருவாக்கலாம். தேர்வு எழுதி வர்ற யாரையாவது போடலாம்" என்றார்.

பாருங்கள் கூத்தை. நான் நன்றாக நிரூபித்தால் மரகதத்தின் வேலைக்கு வேறொருவர் வந்து உட்காருவார், மரகதம் அவருக்கும் சேர்த்துத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். கொஞ்சமாக நிரூபித்தால் ஒன்றும் நடக்காது. அதிகம் சொன்னாலும் ஆபத்து, குறைத்துச் சொன்னாலும் ஆபத்து. இந்தத் தொழிலில் உண்மையை விட அதன் அளவுதான் பயமுறுத்தும்.

நிறைய யோசித்து ஒரு வழி பிடித்தேன். புதிய வேலை எதுவும் வந்து சேரவில்லை, பழைய வேலையே வளர்ந்தது என்று காட்ட வேண்டும். மரகதம் முன்பு கோப்பை உள்ளே கொண்டு போனார், பிறகு ஆளை உள்ளே கொண்டு போனார், பிறகு அந்த ஆளின் கதையை உள்ளே கொண்டு போனார். எல்லாம் ஒரே கொடி. மறுபடி கும்மிடிப்பூண்டி போய், இம்முறை யாருக்கும் சொல்லாமல், அதிகாரியின் முன்னால் உட்கார்ந்தேன்.

"நீங்க உத்தரவு கொடுக்கலைன்னு சொல்றீங்க. மணி அடிச்சீங்க, அந்தம்மா டீயோட வரல, ஒரு தொழிலாளியோட பிரச்சினைய விசாரிச்சுக்கிட்டு வந்தாங்க. நீங்க என்ன செஞ்சீங்க? அதை வாங்கிக்கிட்டீங்க. வருஷக்கணக்கா வாங்கிக்கிட்டீங்க. வாங்கிக்கிட்டதுதான் சார் உத்தரவு."

"அப்போ அந்த போன்?"

"அதுக்கு உத்தரவு நான். நான்தானே இருமினேன்?"

அவர் பேனாவை எடுத்தார். பிறகு, தனக்குத் தெரிந்தே இவையெல்லாம் நடந்தன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்துக்கு நான் இன்றும் அவரை மதிக்கிறேன்.

உத்தரவு வர வெகுகாலம் ஆனது. ஒருவழியாக வந்தது. பணியிடம் தரம் உயர்த்தப்படுகிறது, இப்போது இருப்பவரே தொடர்வார் என்று. ஆனால் கடைசியில் ஒரு வரி: ஏற்கெனவே செய்துவரும் அனைத்துப் பணிகளையும் சேர்த்து. நான் கட்டிய வாதத்துக்கு அந்த வரி இல்லாமல் முடியாது. பழைய வேலை போய்விட்டால் அது வளர்ந்த வேலை ஆகாது, வேறு வேலை ஆகிவிடும். அதாவது மணியும் மரகதத்தோடேயே வந்தது. அந்த அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று. அதைத் தவிர மற்றதெல்லாம் வாங்கிக் கொடுத்திருந்தேன்.

நானே போய்ச் சொன்னேன். மரகதம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"அப்போ பெல்லு எனக்குத்தானா சார்?"

"ஆமாம்மா. உத்தரவுப்படி மணி வேலை உங்களோடதுதான்."

"சரி சார்" என்றார். ஜெயித்தோமா தோற்றோமா என்று தெரியாமல் ரயிலேறினேன். வேறு எந்தக் கோப்பை முடித்தபோதும் நான் அவ்வளவு குழம்பியதில்லை.

அப்புறம் நாளாகி, வேறு வேலையாக அந்தப் பக்கம் போக வேண்டி வந்தது. கவுன்ட்டருக்குப் பக்கத்தில் மரகதத்துக்கு ஒரு மேசை போட்டிருந்தார்கள். எதிரில் ஒரு வயதான தொழிலாளியும் அவர் மகளும். மரகதம் சீருடையில் இல்லை, ஊதா நிறச் சேலையில் இருந்தார். மேசையின் ஓரத்தில் அந்தப் பித்தளை மணி இருந்தது.

"இது எப்படிம்மா இங்க வந்துச்சு?"

"இன்னா சார், நீங்கதான சொன்னீங்க பெல்லு என் வேலைன்னு? என் வேலை சாமான் என் டேபிள்ல இருந்தாதான நியாயம்? அதிகாரிகிட்ட கேட்டேன், உத்தரவப் படிச்சிக் காட்டினேன். எடுத்துக்கினு போன்னுட்டாரு."

சிரிப்பதா, வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். அதிகாரியின் அறைக் கதவு திறந்தது. அவரே வாசலுக்கு வந்து நின்று, "மரகதம்மா, கொஞ்சம் வர்றீங்களா?" என்றார்.

மரகதம் எழுந்திருக்கவில்லை. "இவங்கள அனுப்பிட்டு வரேன் சார்" என்றார். அதிகாரி தலையாட்டிவிட்டு உள்ளே போனார். ஃபேன் சுவிட்சைத் தானே போடுகிற சத்தம் கேட்டது.

நான் செய்தது சரியான முறைதானா, இல்லை என் அறிக்கையை விட அந்த அம்மாளின் சாமர்த்தியம்தான் காரியத்தை முடித்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நீங்கள் படித்தவர்கள், யோசித்துப் பாருங்கள்.

அன்றைக்கு நல்ல வெயில், எனக்கு ஒரு டீ தேவைப்பட்டது. மணி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதைத் தட்டாமல் பாய் கடைக்கு நடந்தே போய்க் குடித்துவிட்டு வந்தேன்.